தீவு யாருடையதாக இருந்தாலும்

கண்ணு,

ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊருக்கு நீ முன்சீப்பாகப் போகிறாய் என்ற உத்தரவு வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. உன் அப்பா லேத் பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்து முடித்த பிறகும் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று துடியலூரைச் சுற்றி வந்தார். நேற்று காரமடையிலிருந்து வந்த உன் மாமா, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் உன்னிடம் கேட்டாரே, நினைவிருக்கிறதா? "ஏன் மாப்ளே, நீ போற ஊருக்குக் கூப்பிடு தூரந்தான கச்சத்தீவு? அது யாருதுன்னு நம்ம கோர்ட்டுலயே ஒரு தீர்ப்பு எழுதிப்போட்டா முடிஞ்சுபோகாதா?" நீ யோசிக்காமல் பதில் சொன்னாய். எழுதலாம், கோர்ட்டுக்கு எட்டாத விஷயம் என்று ஒன்று இருக்கவே கூடாது என்றாய். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ரசம் ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டேன். மறுத்துச் சொல்ல வாய் வரை வந்தது. ஊருக்குக் கிளம்புகிற பிள்ளையோடு சோற்று இலையில் வழக்காட மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலப் புதிதாக நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால், எங்கள் வழக்கறிஞர் சங்க மலருக்கும் இதில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். நான் சொல்லப் போகிற கதையில் ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன், நாடுகளின் பெயரைச் சொல்லவே போவதில்லை. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முடியாது. ஒரு நாட்டு நீதிமன்றம், இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடும் மண்ணை இது இன்னாருடையது என்று எழுதி முடித்துவிட முடியாது. நமக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் நம் கூடத்தில் கூடி, வரப்பு நம்முடையதே என்று ஒருமனதாகத் தீர்மானிக்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்று சாயங்காலமும் அதே வரப்பில்தான் மாட்டைக் கட்டுவார். அவர் வீட்டுக் கூடத்திலும் ஒரு தீர்மானம் போட்டிருப்பார்கள் இல்லையா? நம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது நம் அரசியல் சட்டம். அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒரு நாட்டை எந்த அமீனா போய்ச் சம்மன் கொடுத்து இழுத்து வருவார்? அதற்கென்று வெளிநாட்டில் இருக்கிற பெரிய நீதிமன்றம்கூட, இரண்டு தரப்பும் ஏதாவது ஒரு வகையில் ஒப்புக்கொண்டால்தான் அப்படிப்பட்ட வழக்கைக் கையில் எடுக்கிறது.

அதற்காக நம் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணில் ஒரு பிடியை அடுத்த நாட்டுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று நம் அரசாங்கம் கிளம்பினால், எந்தச் சட்டத்தின்படி கொடுக்கிறாய், பாராளுமன்றத்தைக் கேட்டாயா என்று நம் நீதிமன்றம் தாராளமாகக் கேட்கலாம். கேட்டும் இருக்கிறது. அது நம் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. அதே போல, இரண்டு நாட்டுச் சண்டைக்கு நடுவில் காலிடறி விழுந்த ஒரு மனுசி உன் முன்னால் வந்து நின்றால், கோடு யாருடையது என்று தெரியாது, நீ போய் வா என்று அனுப்பிவிடவும் கூடாது. கோட்டைத் தொடாமலே அவளைத் தூக்கி நிறுத்த வழி இருக்கிறது. இதை நான் ஒரு வழக்கில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். குடும்ப நீதிமன்ற விவகாரம் என்பதால் நானும் வீட்டில் பேசியதில்லை.

ஸ்டெல்லா சத்தியமங்கலத்துப் பெண். நர்ஸ். கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் இருந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். அந்தத் தீவை ஒரு நாடு பல காலமாகக் கையில் வைத்து ஆண்டுகொண்டிருந்தது. கொடி, போலீஸ், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நாட்டினுடையவை. எதிர்க்கரையில் இருந்த இன்னொரு நாடு, அது எங்களுடையது, அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தன் வரைபடத்தில் தன் நிறத்தைப் பூசி வைத்திருந்தது. அங்கே குடிநீர்த் திட்டத்துக்குப் பம்புகள் பொருத்துவதற்காகப் போனவன் கார்த்திகேயன். நம் துடியலூர்க்காரன்தான். அவன் அப்பாவுக்குப் பம்புத் தொழிற்சாலையும் அன்னூர் பக்கம் தோட்டமும் உண்டு. காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், கூட்டத்துக்கு நடுவில் ஒரு நர்ஸ், "ஊசி வலிக்காதுங்க, கண்ணை மூடிக்குங்க" என்று கொங்குத் தமிழில் சொன்னால் யாருக்குத்தான் மனசு நிற்கும்? தீவின் பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கேயே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

வேலை முடிந்து ஊருக்கு வந்தார்கள். அவள் வேறு மதம், வேறு சனம். அவன் அப்பா வீட்டுக்குள் விடவில்லை. கார்த்திகேயன் கெட்டவன் இல்லை, கண்ணு. பம்பின் எந்தப் பாகம் பழுது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான், அப்பா தொண்டையைச் செருமினால் மட்டும் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பான். இரண்டு பக்கமும் சமாளிக்கப் பார்த்து, கடைசியில் அப்பா காட்டிய வழியில் போனான். அவர்கள் வீட்டுப் பக்கம் வழக்கறிஞராக இருந்தவர் வேலுச்சாமி சார். எனக்கு மூத்தவர், என்னைவிடக் கெட்டிக்காரர். விவாகரத்து கேட்டால் கல்யாணம் நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார். சட்டப்படி அந்தத் தீவு எதிர்க்கரையில் இருந்த இரண்டாவது நாட்டினுடையது, அதை ஆண்டுகொண்டிருந்த முதல் நாட்டு அதிகாரிக்கு அங்கே கல்யாணம் செய்து வைக்க உரிமையே இல்லை, ஆகவே கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை, அப்படித் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டார். அந்த மனுவின் நகலோடு ஸ்டெல்லா என் அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், இவங்க சொல்றபடி பார்த்தா நான் யாருங்க? எம் பாப்பா யாருங்க?"

நான் அந்த வழக்கை எடுத்துக்கொண்ட விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தீவு முதல் நாட்டினுடையதுதான் என்று நிரூபித்துவிடுவது என்று இறங்கிவிட்டேன். பழைய வரைபடங்கள், உடன்படிக்கைகள், எந்தக் காலத்தில் எந்த மாலுமி அங்கே கொடி நட்டான் என்பது வரை தேடினேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் கடலும் தீவுமாக விரிந்து கிடந்ததால் உன் அப்பா தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டார். "நீ கேசுக்குப் போறயா, யுத்தத்துக்குப் போறயா?" என்று ஒரு நாள் கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு வழக்கறிஞர் ஒரு தீவின் தலையெழுத்தை எழுதப் போகிறார் என்ற நினைப்பே எனக்கு ஒரு மிதப்பைக் கொடுத்திருந்தது. நேற்று உன் குரலில் கேட்டேனே, அதே மிதப்பு. அதனால்தான் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் கார்த்திகேயனின் அப்பாவைப் பார்க்கும்படி ஆயிற்று. பந்தியில் என் பக்கத்து இலையில் அவரே வந்து உட்கார்ந்தார். எதிர்த் தரப்பு ஆளோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். நம் ஊர்க்காரர்களின் கோபத்தில்கூட மரியாதைக்கு ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படித்தான் பேசினார்.

"ஏனுங்க வக்கீலம்மா, உங்களை எதுத்துப் பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தப் புள்ள நல்ல புள்ளையாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு நாட்டுக்காரனும் எனது எனதுங்கற எடத்துல நடந்ததைக் கல்யாணம்னு எப்படிங்க சொல்றது?"

"எடம் தகராறுல இருக்கலாமுங்க. குழந்தை தகராறு இல்லாமத்தானுங்க பொறந்திருக்கு" என்றேன்.

அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னார். அந்த மனுசரை வெறுக்க என்னால் முடியவில்லை. தன் வீட்டு வாசலுக்குள் எது நடக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிற மனுசர். நாடுகளும் அப்படித்தானே இருக்கின்றன?

விசாரணை தொடங்கிய அன்று நான் வரைபடங்களோடு போய் நின்றேன். நீதிபதி தென் மாவட்டத்துக்காரர், அதிகம் பேசாதவர். நான் கப்பல், கொடி, உடன்படிக்கை என்று பேசிக்கொண்டே போனதை முழுக்கக் கேட்டார். நான் முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "அம்மா, இந்தத் தீவு முதல் நாட்டுக்குத்தான்னு நான் எழுதினா, அதனால பாதிக்கப்படறது ரெண்டாவது நாடு. அந்த நாடு எங்கே அப்பீல் போகும்? நம்ம ஹைகோர்ட்டுக்கா?"

அந்த ஒரு கேள்வியில் என் மேசை நிறைய இருந்த கடல் வற்றிவிட்டது. தன் முன்னால் இல்லாத ஒருவரின் உரிமையைப் பறித்து எழுதுகிற தீர்ப்பு தீர்ப்பாகாது என்று நீயும் நானும் முதல் வருடச் சட்டத்தில் படித்ததுதான். ஒரு நாடு என்று வந்ததும் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

நீதிபதி அதோடு நிற்கவில்லை. நம் மத்திய அரசு அந்தத் தீவை யாருடையதாகக் கருதுகிறது என்று கேட்டு அனுப்பினார். வெளிநாட்டு உறவு அரசாங்கத்தின் வேலை. அரசாங்கம் ஒரு குரலிலும் நீதிமன்றம் இன்னொரு குரலிலும் பேசினால், நாடு ஒரே வாயால் இரண்டு பேச்சுப் பேசுவதாக ஆகிவிடும். அரசு வழக்கறிஞர் வந்து பதிலைச் சொன்னார். இந்தியா எந்தப் பக்கமும் சாயவில்லை, அந்த இரண்டு நாடுகளும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்பதுதான் பதில்.

இதைக் கேட்டதும் வேலுச்சாமி சார் எழுந்தார். அன்றுதான் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை முழுதாகப் பார்த்தேன். தீவு இரண்டாவது நாட்டினுடையது என்ற பேச்சை அப்படியே கைவிட்டார். அரசே சொல்லிவிட்டது, யாருடையது என்று நம்மால் சொல்ல முடியாது. யாருடையது என்று தெரியாவிட்டால் அங்கே எந்தச் சட்டம் செல்லும் என்றும் தெரியாது. எந்தச் சட்டம் என்று தெரியாத இடத்தில் நடந்ததை எந்தச் சட்டப்படி கல்யாணம் என்று ஏற்பது? ஏற்க முடியாது. ஆகவே கல்யாணம் இல்லை. இதுதான் அவர் வாதம். கேட்பதற்குக் கச்சிதமாக இருந்தது. நீதிமன்றத்தால் முடியாது என்ற சொல்லையே எடுத்து அந்தப் பெண்ணின் கழுத்தில் சுற்றிவிட்டார். விசாரணையை வேறு நாளைக்குத் தள்ளி வைத்தார்கள்.

ஸ்டெல்லாவும் நானும் நீதிமன்றத்துக்கு வெளியே ரோட்டைக் கடந்தோம். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி வராத பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு டவுன் பஸ் எங்கள் முகத்தில் காற்றை அறைந்துவிட்டுப் போனது. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அங்க வண்டியெல்லாம் வலது பக்கமுங்க மேடம். எனக்கு இன்னும் பழக்கம் மாறலைங்க" என்றாள். அவளைத் தேற்றி ஒரு பேக்கரியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், தீவு எனதென்று சொல்கிற அந்த இரண்டாவது நாட்டில் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவார்கள் என்று அவளைக் கேட்டேன். நம்ம ஊரு மாதிரி இடது பக்கந்தான் என்றாள்.

அடுத்த விசாரணையில் கார்த்திகேயன் கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை, கசங்காத மடிப்பு. ஸ்டெல்லா இருந்த பக்கம் அவன் திரும்பவில்லை. நான் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை, உடன்படிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. தீவில் வண்டி ஓட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஓட்டினேனுங்க. கம்பெனி ஜீப்புங்க."

"ரோட்டுல எந்தப் பக்கம்?"

"வலது பக்கமுங்க."

"இங்க ஓட்டிப் பழகினது இடது பக்கம். தீவு எங்களுதுன்னு சொல்ற நாட்டுலயும் இடது பக்கம்தான். அப்புறம் ஏன் வலது பக்கம் ஓட்டுனீங்க?"

"அங்க சட்டம் அதுதானுங்க."

"யாரோட சட்டம்?"

அவன் வேலுச்சாமி சாரைப் பார்த்தான். அவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அங்க இருக்கற கவர்மெண்டோட சட்டமுங்க" என்றான் கார்த்திகேயன்.

"தீவு யாருதுன்னு முடிவாகாதப்ப, எந்தப் பக்கம் வேணும்னாலும் ஓட்டியிருக்கலாமே?"

"எதிர்ல வர்ற வண்டியில மோதியிருப்பேனுங்க."

அதற்குப் பிறகு அவனாகவே, யாரும் கேட்காமல், முதல் தடவையாக ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்கு வெற்றி எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட மனுசனின் களைப்புதான் தெரிந்தது. நான் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாதத்தில் நான் சொன்னதெல்லாம் இதை ஒட்டியதுதான். ஒரு மண் யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்கிறார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு இந்த நீதிமன்றத்தில் பதில் கிடையாது. இரண்டாவது கேள்விக்குப் பதிலைச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம், மனுதாரரே நிரூபித்துவிட்டார். அங்கே குழந்தைகள் பிறக்கின்றன, மனிதர்கள் சாகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆளுகிறவனுக்கு உரிமை இருந்ததா இல்லையா என்ற சண்டையில் இந்தப் பதிவுகளை எல்லாம் அழித்தால், அழிகிறது ஆளுகிறவன் இல்லை, அங்கே வாழ்ந்தவர்கள்தான். நாடுகளுக்கு நடுவே தீர்ப்புச் சொல்கிற பெரிய நீதிமன்றமும், பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று வரும்போது இதையேதான் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன்.

தீர்ப்பு சின்னதாக இருந்தது. அந்தத் தீவின் மீது எந்த நாட்டுக்கு உரிமை என்பது பற்றி இந்த நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல அதற்கு அதிகாரமும் இல்லை, தேவையும் இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார். கல்யாணம் நடந்த அன்று அங்கே நடைமுறையில் இருந்த சட்டப்படி அது நடந்திருக்கிறது, ஆகவே அது செல்லும், குழந்தை அந்தக் கல்யாணத்தில் பிறந்த குழந்தை. அவ்வளவுதான். வேலுச்சாமி சார் வராந்தாவில் என்னைப் பார்த்து, "ரோட்டுலயே மடக்கிப்போட்டியேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. கார்த்திகேயன்தான் வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்பாவுக்கு எதிராக அவன் சொன்ன முதல் வார்த்தையாக அது இருந்திருக்கும்.

இனி இரண்டு பேரும் சேர்ந்து வாழ்வார்கள் என்று நான் நினைத்தேன். வழக்கறிஞர்களுக்கும் அந்த ஆசை உண்டு, கண்ணு, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். சில மாதம் கழித்து ஸ்டெல்லா வந்து, பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துக்கு மனுப் போட வேண்டும் என்றாள். கார்த்திகேயனிடம் பேசிவிட்டாளாம், அவனும் ஒப்புக்கொண்டானாம். எனக்குச் சுருக்கென்றது. இதற்காகவா இவ்வளவு போராடினாய் என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"இருந்ததை முடிச்சுக்கலாமுங்க மேடம். இருக்கவேயில்லைன்னு சொல்லத்தானுங்க கூடாது" என்றாள்.

அந்தப் பேச்சை நான் பல நாள் மனசுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் வாழ்க்கையை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளட்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நீ அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையையே இல்லை என்று அடித்துவிடக் கூடாது. உன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்க வருவது பெரிய கேள்வி போலத்தான் இருக்கும். எந்த நாடு, எந்தக் கடல், எந்தக் கோடு என்பார்கள். வலை போட்டுத் திரும்பும்போது எல்லை தாண்டினதாகப் பிடிபட்ட மீனவரின் மனைவி உன் நீதிமன்றத்தில் வந்து நிற்பாள். அது நம்ம தீவுதானே அய்யா என்று கேட்பாள். கச்சத்தீவைப் பற்றி டெல்லி வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. நான் இங்கிருந்து கருத்துச் சொல்லப் போவதில்லை, நீயும் அந்த நாற்காலியிலிருந்து சொல்லாதே. மாமா எவ்வளவு உசுப்பினாலும் சொல்லாதே. ஆனால் அவளை அனுப்பிவிடாமல், உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேள். படகின் உரிமம் யார் பெயரில் என்ற தகராறாக இருக்கலாம், புருசன் திரும்பி வரும்வரை பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதாக இருக்கலாம். அவளுக்குத் தேவையானது பெரும்பாலும் உன் அதிகாரத்துக்குள்ளேயே இருக்கும். தேடினால் கிடைக்கும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். கிடைக்காத வழக்கும் ஒன்றிரண்டு வரும். அன்றைக்கு, என்னால் முடியாது என்பதைத் தலையைக் குனியாமல், முகத்தைப் பார்த்து, காரணத்தோடு எழுது. முடியாததை முடியும் என்று எழுதுகிற நீதிபதியைவிட அப்படி எழுதுகிறவரைத்தான் ஊர் நம்பும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொன்னால்தான் இந்தக் கதை முடியும். விவாகரத்து முடிந்து ஸ்டெல்லா சத்தியமங்கலத்திலேயே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த இரண்டு நாடுகளும் ஒரு வழியாகப் பேசி முடித்துக்கொண்டன. தீவு இரண்டாவது நாட்டுக்குப் போயிற்று. நான் என் மேசையில் கடல் விரித்து, முதல் நாட்டினுடையதுதான் என்று நிரூபிக்கப் பார்த்தேனே, அந்தத் தீவுதான். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்திருந்தது. ஒரு கொடி இறங்குகிறது, இன்னொரு கொடி ஏறுகிறது, பக்கத்தில் நாலு பேர் விறைப்பாக நிற்கிறார்கள். அன்று காலை நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா கூப்பிட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

"மேடம், அந்தத் தீவு அவங்களுக்குப் போயிருச்சுங்களாமா. எம் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

நான் ஒரு கணம் அந்த நீதிபதியை நினைத்துக்கொண்டேன். என் முதல் வாதத்தில் நான் ஜெயித்திருந்தால், முதல் நாட்டினுடையதே என்று அவர் எழுதியிருந்தால், அந்தத் தீர்ப்பே தப்பாகிவிட்டது என்று இன்று யார் வேண்டுமானாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அதில் குழந்தையின் பெயரும் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். தீவு யாருடையது என்பதை அவர் தொடவேயில்லை. அதனால் தீவு கைமாறியபோது அவர் எழுதியதில் ஒரு எழுத்தும் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகாது அம்மணி" என்றேன். "நீ பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

அவ்வளவு உறுதியாக ஒருவருக்குப் பதில் சொல்ல முடிந்த காலைகள் என் தொழிலில் அதிகம் இல்லை, கண்ணு. உன் தீர்ப்பை நம்பி யாரோ ஒரு வழக்கறிஞர் யாரோ ஒரு தாய்க்கு அப்படிச் சொல்ல முடிய வேண்டும். அதற்கு எவ்வளவு எழுத வேண்டுமோ அவ்வளவு மட்டும் எழுது.

நல்லபடியாகப் போய்ப் பொறுப்பேற்றுக்கொள்.

உன் அம்மா